மின் பிக்அப்: இழுக்கும் பலம் வேறு, ஓடும் தூரம் வேறு

2019 ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் ஒரு காணொளி வெளியிட்டது. எஃப்-150 என்ற தன் பிக்அப் வண்டியின் மின்சார முன்மாதிரி ஒன்றைப் பத்து ரயில் பெட்டிகளுக்கு முன்னால் கட்டியிருந்தார்கள். இரண்டு அடுக்குப் பெட்டிகள். உள்ளே 42 எஃப்-150 வண்டிகள். மொத்த எடை பன்னிரண்டரை லட்சம் பவுண்டு, அதாவது 560 டன்னுக்கு மேல். அந்த ஒற்றை வண்டி அத்தனையையும் சுமார் ஆயிரம் அடி தூரம் இழுத்துக்கொண்டு போனது.

2022 மே மாதத்தில் அதன் விற்பனை வடிவம் எஃப்-150 லைட்னிங் என்ற பெயரில் வாங்குபவர்கள் கைக்கு வரத் தொடங்கியது. அமெரிக்க வாகன இதழ்கள் உடனே அதன் பின்னால் வீட்டு டிரெய்லரை மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தன. படுக்கை, அடுப்படி எல்லாம் வைத்த, மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவான பெட்டி அது. முழு சார்ஜில் 300 மைல் அளவுக்கு ஓடும் என்று அரசுச் சான்று பெற்ற வண்டிக்கு, 100 மைல் அளவிலேயே பேட்டரி காலியானது.

இரண்டுமே உண்மை. முதல் செய்தியைப் பிடித்துக்கொண்டவர்கள் மின் பிக்அப்பை வெல்ல எதுவுமில்லை என்கிறார்கள். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டவர்கள் அது வேலைக்கு உதவாத பொம்மை என்கிறார்கள். ரயிலை இழுத்த வண்டி ஒரு டிரெய்லரிடம் ஏன் தோற்கிறது என்பது புரிந்துவிட்டால், இந்த வண்டிகளின் வடிவமைப்பு, திறன், சந்தை நிலவரம் மூன்றும் சேர்ந்தே புரிந்துவிடும். அதற்கு இயற்பியல் பட்டம் எதுவும் தேவையில்லை.

## முதலில், பிக்அப் என்றால் என்ன?

முன்னால் ஆட்கள் உட்காரும் கேபின், பின்னால் மேலே திறந்த சரக்குப் பெட்டி. அவ்வளவுதான். அமெரிக்காவில் இது விவசாயி, தச்சர், மின்பணியாளர் ஆகியோரின் வேலை வண்டி. அதே நேரம் குடும்ப வண்டியும்கூட. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அந்த நாட்டில் மிக அதிகம் விற்கும் டிரக். வெளிநாட்டில் செய்த பிக்அப்புகளுக்கு 1964 முதல் 25 விழுக்காடு இறக்குமதி வரி இருப்பதால், இந்தச் சந்தை பெரும்பாலும் உள்நாட்டு நிறுவனங்களின் கையிலேயே இருந்துவருகிறது. அவர்களுடைய லாபத்தின் பெரும்பகுதி வருவதும் இதிலிருந்துதான். மின்சாரத்துக்கு மாறுவது என்றதும் அவர்கள் பிக்அப்பில் கைவைத்ததற்குக் காரணம் அதுதான்.

இரண்டு அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தன் முதுகில் ஏற்றிக்கொள்ளும் எடை சுமைத்திறன். பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் எடை இழுவைத்திறன். லைட்னிங்கின் சுமைத்திறன் அதிகபட்சம் சுமார் ஒரு டன். இழுவைத்திறன் 10,000 பவுண்டு, ஏறக்குறைய நாலரை டன்.

## தேர் அசையும் கணம்

திருவாரூர் ஆழித்தேரோ நம் ஊர்ச் சின்னத் தேரோ, வடம் பிடித்தவர்களுக்கு ஒன்று தெரியும். நின்ற தேரை அசைப்பதுதான் பெரும்பாடு. நூற்றுக்கணக்கான கைகள் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பின்னாலிருந்து நெம்ப வேண்டும். அசைந்துவிட்டால் அப்புறம் அத்தனை பலம் தேவைப்படாது. ஆனால் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வரும்வரை இழுப்பவர்களிடம் தெம்பு இருக்க வேண்டும்.

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தக் கணத்தில் வடத்தில் விழும் இழுப்பு. இன்னொன்று, கடைசிவரை தாங்கும் தெம்பு. பத்துப் பயில்வான்கள் தேரை அசைத்துவிடலாம், ஆனால் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் முதல் வீதி முனையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வண்டியில் முதலாவதைத் தருவது மோட்டார். இரண்டாவதைத் தருவது பேட்டரி. மின் பிக்அப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால் வருகிறது.

சக்கரத்தைச் சுழற்றும் இழுப்புக்கு முறுக்குவிசை என்று பெயர். மெக்கானிக்குகள் டார்க் என்பார்கள். பெட்ரோல் இன்ஜின் நின்ற நிலையில் எந்த முறுக்குவிசையும் தராது. உள்ளே எரிபொருள் வெடித்து, பிஸ்டன் ஓடி, நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று வந்த பிறகே முழு பலம் கிடைக்கும். கிளட்சும் பல கியர்களும் தேவைப்படுவது அதனால்தான். மின் மோட்டாரில் கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் பாய்ந்த அந்த நொடியே காந்தப்புலம் உருவாகி அச்சைத் தள்ளுகிறது. சுற்று பூஜ்யமாக இருக்கும்போதே முழு இழுப்பும் உண்டு. லைட்னிங்கின் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து சுமார் 1,050 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகின்றன. அதே எஃப்-150 வண்டியின் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் தருவது ஏறக்குறைய அதில் பாதி, அதுவும் வேகமாகச் சுற்றும்போது.

இன்னொரு நன்மை, கட்டுப்பாடு. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் குறைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூட்டிவிடும். 2021 செப்டம்பரில் முதல் மின் பிக்அப்பாக வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்த ரிவியன் ஆர்1டி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மோட்டார் என நான்கு மோட்டார்களோடு வந்தது. ஏரிக்கரையில் படகை டிரெய்லரில் ஏற்றி, ஈரச் சரிவில் மேலே இழுக்கும் வேலையில் இதன் அருமை தெரியும்.

ஆக, இழுக்கும் பலத்தைப் பற்றிய சந்தேகத்தை இங்கேயே விட்டுவிடலாம். ரயிலை இழுத்தது வித்தை இல்லை. தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு, வேகமும் நடைவேகம்தான் என்பது உண்மை. ஆனாலும் நின்றிருந்த 560 டன்னை அசைத்தது அந்த மோட்டாரின் பலமே. இனிக் கேட்க வேண்டியது தெம்பைப் பற்றி.

## பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது?

பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்ற அலகில் சொல்வார்கள். நம் வீட்டு மின் கணக்கில் வரும் ஒரு யூனிட் அதுவே. இனி யூனிட் என்றே சொல்கிறேன். லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் 131 யூனிட் இருக்கிறது. சிக்கனமான ஒரு குடும்பம் ஒரு மாதம் ஓட்டக்கூடிய மின்சாரம். கேட்க நிறையத்தான் இருக்கிறது.

பெட்ரோலோடு வைத்துப் பார்த்தால் கதை மாறும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு. எஃப்-150 வண்டியின் பெரிய டேங்கில் 136 லிட்டர் பிடிக்கும். அதாவது 1,200 யூனிட். இதில் முக்கால் பங்கை இன்ஜின் வெப்பமாக வீணாக்கிவிடும், சக்கரத்துக்குப் போவது கால் பங்குதான். அப்படியும் 300 யூனிட் மிஞ்சுகிறது. மின் வண்டியில் வீணாவது மிகக் குறைவு, பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சக்கரத்தை அடைகிறது. ஆனால் தொடங்கியதே 131இல்.

எடைக்கு வருவோம். அந்த 136 லிட்டர் பெட்ரோல் 100 கிலோதான், அதுவும் ஓட ஓடக் குறையும். ஜெனரல் மோட்டார்ஸ் 2021 இறுதியில் கொண்டுவந்த ஹம்மர் மின் பிக்அப்பில் 200 யூனிட்டுக்கு மேல் பிடிக்கும் பேட்டரி இருக்கிறது. அந்தப் பேட்டரி மட்டும் சுமார் 1,300 கிலோ, ஒரு சின்னக் காரைவிட அதிகம். மொத்த வண்டி நான்கு டன்னைத் தாண்டுகிறது. பேட்டரி காலியானாலும் எடை குறைவதில்லை.

சுருக்கமாக: மின் பிக்அப் தன் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது, ஆனால் கையில் கொண்டுபோகும் ஆற்றல் குறைவு. பெட்ரோல் வண்டி நேர்மாறு.

## எதிரி எடை இல்லை, காற்று

பலரும் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கனமான டிரெய்லர் என்பதால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று நினைக்கிறோம். தேர் மெதுவாக நகர்வதால் காற்று அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே முழுப் போராட்டமும் எடையோடுதான். நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ்.

ஓடும் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசைகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது டயர் உராய்வு. இது எடையைப் பொறுத்தது, வேகத்தால் அதிகம் மாறாது. இரண்டாவது காற்றுத்தடை. முன்னால் இருக்கும் காற்றை ஒதுக்கித் தள்ள வேண்டிய பாடு இது. இதற்கு எடையோடு சம்பந்தமே இல்லை. வண்டியின் முகப்புப் பரப்பு, வடிவம், வேகம் மூன்றும்தான் தீர்மானிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று டன் டிரெய்லரின் டயர்கள் கொடுக்கும் தடை சுமார் 300 நியூட்டன், அதாவது 30 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பெட்டி வடிவ வீட்டு டிரெய்லரின் காற்றுத்தடை 100 நியூட்டனுக்கும் குறைவு. இங்கே எடைதான் பெரிய செலவு. அதே டிரெய்லரை மணிக்கு 110 கிலோமீட்டரில் இழுத்தால் டயர் தடை அதே 300. காற்றுத்தடையோ 1,100 நியூட்டனைத் தொடுகிறது.

பிக்அப் தனியாக அந்த வேகத்தில் கிலோமீட்டருக்கு சுமார் 0.3 யூனிட் எடுத்துக்கொள்ளும். டிரெய்லரின் 1,400 நியூட்டன் தடை அதன்மேல் இன்னொரு 0.4 யூனிட்டைச் சேர்க்கும். மொத்தம் 0.7. இதால் 131ஐ வகுத்தால் 187 கிலோமீட்டர், 116 மைல். மோட்டாரிலும் கம்பியிலும் ஆகும் இழப்பையும் கழித்தால், இதழ்களின் சோதனையில் வந்த 100 மைலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. காற்று கேட்கும் கூலி அது.

இதே வண்டியின் பின்பெட்டியில் பத்து மூட்டை சிமெண்ட், 500 கிலோ, ஏற்றினால் என்ன ஆகும்? வண்டியின் முகப்பு மாறவில்லை, காற்றுத்தடை அப்படியே இருக்கிறது. டயர் தடை மட்டும் 50 நியூட்டன் கூடும். நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் கூடுதல் செலவு. ஓட்டுபவர் கவனிக்கக்கூட மாட்டார். பெட்டிக்குள் அடங்கும் சுமைக்கு மின் பிக்அப் அருமையான வண்டி. உயரமான டிரெய்லரை வேகமாக, வெகுதூரம் இழுப்பதற்கு மட்டும்தான் அது சரிப்படாது. தாழ்வான தட்டு டிரெய்லரில் ஒரு டிராக்டரை ஏற்றி 60 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவதும், வீட்டு டிரெய்லரை 110இல் இழுப்பதும் ஒரே 'மூன்று டன்' என்று எழுதப்பட்டாலும் ஒரே வேலை அல்ல.

மலையேற்றத்தில் எடை மறுபடி முக்கியமாகிறது. வண்டி மூன்று டன், டிரெய்லர் மூன்று டன், உயரம் 1,000 மீட்டர் என்றால் ஏறுவதற்கு மட்டும் 16 யூனிட் போகும். ஆனால் இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மோட்டாரையே ஜெனரேட்டராக ஓட விட்டு, வேகத்தைக் குறைக்கும் ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும் முறைக்கு மீட்பு பிரேக்கிங் என்று பெயர். பெட்ரோல் வண்டியில் அது பிரேக் தகட்டின் சூடாக வீணாகும். காற்றுக்குக் கொடுத்ததை மட்டும் எந்த வண்டியாலும் திரும்ப வாங்க முடியாது.

நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரெய்லர் மாட்டினால் பெட்ரோல் பிக்அப்பின் மைலேஜும் பாதி அளவுக்குச் சரியும். அது 700 மைலில் தொடங்குவதால் பாதியானாலும் 350 மைல் மிச்சம். நிரப்ப ஐந்து நிமிடம். அதனால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

## வடிவமைப்பில் மாறியவை

பழைய பிக்அப்பின் அடிப்படை ஏணி வடிவச் சேஸிஸ். இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகள், குறுக்கே சட்டங்கள், மேலே கேபினும் பெட்டியும். ஃபோர்டு இதைப் பெரிதாக மாற்றவில்லை. தண்டுகளுக்கு நடுவில் பேட்டரியைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் மோட்டாரை வைத்தது. பார்ப்பதற்குப் பழைய எஃப்-150 போலவே இருக்கும். இதில் ஒரு நன்மை உண்டு. ஏற்கெனவே வாங்கி வைத்த ஏணித் தாங்கி, கருவிப் பெட்டி எல்லாம் இதிலும் பொருந்தும்.

ரிவியன் முதலிலிருந்தே புதிதாக யோசித்தது. பேட்டரி, மோட்டார், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரு தட்டையான பலகையில், மேலே உடல். கேபினுக்கும் பெட்டிக்கும் இடையில் குறுக்கே ஒரு நீண்ட சுரங்க அறைகூட வைக்க முடிந்தது. டெஸ்லாவின் சைபர்டிரக் வர்ணம் பூசாத துருப்பிடிக்கா எஃகுத் தகடுகளோடு வந்தது. வழக்கமான 12 வோல்ட்டுக்குப் பதில் 48 வோல்ட் உள்சுற்று. அதனால் கம்பிகள் மெலிந்தன. அதன் தோற்றத்தைப் பற்றியே எல்லோரும் பேசியதால், இந்தப் பொறியியல் மாற்றம் கவனிக்கப்படாமலே போனது எனக்கு வருத்தம்.

இன்ஜின் இல்லாததால் முன் மூடிக்குள் பூட்டி வைக்கும் அறை கிடைக்கிறது. லைட்னிங்கில் அது 400 லிட்டர். மழையில் நனையக்கூடாத கருவிகளைப் பிக்அப்காரர்கள் எங்கே வைப்பது என்று திண்டாடிய காலம் இதில் முடிந்தது. அதைவிடப் பெரிய வசதி, வண்டியிலேயே இருக்கும் மின் இணைப்புகள். லைட்னிங் 9.6 கிலோவாட் வரை வெளியே தரும். மின்சாரமே வராத கட்டுமான இடத்தில் வெல்டிங், மரம் அறுக்கும் இயந்திரம் எல்லாம் ஜெனரேட்டர் சத்தமும் புகையும் இல்லாமல் ஓடும். தகுந்த கருவி பொருத்தினால் புயலில் மின்சாரம் போன வீட்டுக்கு இரண்டு மூன்று நாள் விளக்கெரிக்கும். மின் பிக்அப்பை மதிப்பிடுகிறவர்கள் தூரத்தை மட்டும் பார்த்து இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது சரியில்லை.

எல்லா வடிவமைப்பாளர்களையும் மாட்டிவைக்கும் சுழல் ஒன்று உண்டு. தூரம் கூட வேண்டும் என்று பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடும். எடையைத் தாங்கச் சேஸிஸ், டயர், பிரேக் எல்லாம் கனமாக வேண்டும். அந்தக் கனத்தைச் சுமக்க இன்னும் பேட்டரி வேண்டும். விலையும் கூடவே ஏறும். லைட்னிங்கில் சிறிய பேட்டரி வைத்த மாடல்தான் அதிகச் சுமை ஏற்றும். பெரிய பேட்டரி மாடலில் அந்த இடத்தைப் பேட்டரியின் எடையே எடுத்துக்கொள்கிறது. ஷெவர்லே சில்வராடோ மின் பிக்அப் 200 யூனிட்டுக்கு மேல் பேட்டரி வைத்து 450 மைலைத் தாண்டிக் காட்டியது. ஆனால் அந்த வண்டி ஏறக்குறைய நாலு டன்.

## சார்ஜ் நிலையத்தில் டிரெய்லரோடு

சார்ஜ் ஏறும் வேகத்தைக் கிலோவாட்டில் சொல்வார்கள். 100 கிலோவாட் என்றால் ஒரு மணி நேரத்தில் 100 யூனிட் ஏறும். லைட்னிங்கின் உச்சவேகம் 150 கிலோவாட் அளவு. 15 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற முக்கால் மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகும். சில்வராடோ 350 கிலோவாட் வரை வாங்கும். சாதாரணப் பயணத்துக்கு இது பரவாயில்லை. 100 மைலுக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் நிற்க வேண்டிய டிரெய்லர் பயணத்துக்குத் தாங்காது.

போதாக்குறைக்கு, பெரும்பாலான சார்ஜ் நிலையங்கள் கார் நிறுத்தும் கட்டம் போலவே அமைந்திருக்கின்றன. பின்னால் பத்து மீட்டர் டிரெய்லரோடு உள்ளே நுழைய முடியாது. எங்காவது ஓரமாக டிரெய்லரைக் கழற்றி வைத்து, சார்ஜ் போட்டு, திரும்ப மாட்ட வேண்டும். பெட்ரோல் பங்க் போல நேராக நுழைந்து நேராக வெளியேறும் நிலையங்கள் இப்போதுதான் அங்கங்கே வருகின்றன.

## சந்தையில் என்ன நடந்தது?

ஆரம்பம் பிரமாதம். 2019 நவம்பரில் சைபர்டிரக் அறிமுகமானபோது சொன்ன தொடக்க விலை 39,900 டாலர். 2021 மே மாதம் லைட்னிங் 39,974 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் 100 டாலர் கட்டி முன்பதிவு செய்யலாம். வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்கும். லைட்னிங்குக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் முன்பதிவு. சைபர்டிரக்குக்குப் பத்து லட்சத்துக்கு மேல் என்றார் ஈலோன் மஸ்க்.

முன்பதிவு என்பது விற்பனை ஆகிவிடாது. பேட்டரிக்கான லித்தியம், நிக்கல் விலைகள் ஏறின. லைட்னிங்கின் மிக மலிவான மாடலே 2023 தொடக்கத்தில் 60,000 டாலரைத் தொட்டது. அந்த ஜூலையில் 50,000 டாலருக்கு இறக்கினார்கள். சைபர்டிரக் 2023 நவம்பர் இறுதியில் வந்தபோது நான்கு சக்கர இழுவை மாடலின் விலை 79,990 டாலர். 40,000 டாலர் வேலை வண்டிக்குக் கை தூக்கியவர்களிடம் 80,000 டாலர் சொகுசு வண்டியைக் காட்டினால் எத்தனை பேர் வாங்குவார்கள்?

லைட்னிங் 2024இல் 33,510 விற்றது. அதே ஆண்டு எஃப் வரிசை மொத்தமாக ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது. மின்சாரத்தின் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே. 2025 மார்ச்சில், ஒரு வெளிப்புறத் தகடு கழன்று விழலாம் என்று டெஸ்லா அதுவரை செய்த எல்லாச் சைபர்டிரக்குகளையும் திரும்ப அழைத்தது. அந்த எண்ணிக்கை 46,096. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் செய்வோம் என்று மஸ்க் முன்பு சொல்லியிருந்தார். மின் பிக்அப் செய்ய வந்த ஒஹையோவின் லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் 2023 ஜூனில் திவால் ஆனது. ஃபோர்டின் மின்வாகனப் பிரிவு 2024இல் மட்டும் 500 கோடி டாலர் நட்டம் கண்டது.

2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு, மின் வண்டி வாங்குவோருக்கு அமெரிக்க அரசு தந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் நின்றது. அந்த மாதமே ராம் நிறுவனம் முழு மின் பிக்அப் திட்டத்தைக் கைவிட்டது. டிசம்பரில் ஃபோர்டும் லைட்னிங்கின் இப்போதைய வடிவத்தை நிறுத்துவதாக அறிவித்தது.

இதை வைத்து மின் பிக்அப் செத்துவிட்டது என்று எழுதுவது அவசரம் என்பது என் எண்ணம். தோற்றது ஒரு குறிப்பிட்ட யோசனை: பெட்ரோல் பிக்அப் செய்யும் எல்லா வேலையையும், மிகப் பெரிய பேட்டரி வைத்து, ஒரே வண்டியில் செய்துவிடலாம் என்ற யோசனை. நாம் மேலே போட்ட கணக்கு அதை அனுமதிக்கவில்லை. அமெரிக்கர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 13,500 மைல் அளவுக்கு ஓட்டுகிறார், நாளுக்கு 37 மைல். அந்தப் பயன்பாட்டுக்கு 131 யூனிட் தேவையே இல்லை. எப்போதாவது வரும் டிரெய்லர் பயணத்துக்காகத் தினமும் அரை டன் கூடுதல் பேட்டரியைச் சுமந்து திரிவதற்குத்தான் காசு கொடுத்தார்கள்.

## இரண்டு புதிய வழிகள்

முதல் வழி, பேட்டரியைப் பாதியாக்கி உள்ளே ஒரு ஜெனரேட்டரை வைப்பது. சக்கரத்தை ஓட்டுவது எப்போதும் மின் மோட்டார்தான். பேட்டரி குறையும்போது பெட்ரோல் இன்ஜின் ஓடி மின்சாரம் தயாரிக்கும். இதற்குத் தூரநீட்டிப்பு மின் வண்டி என்று பெயர். ராம் கொண்டுவரும் வண்டியில் 92 யூனிட் பேட்டரியும் ஆறு சிலிண்டர் இன்ஜினும் இருக்கும். மொத்தம் 690 மைல் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. அடுத்த லைட்னிங்கும் இந்த வகையே. தினசரி ஓட்டம் மின்சாரத்தில், டிரெய்லர் பயணம் பெட்ரோல் துணையோடு. இரண்டு இயந்திரங்களைப் பராமரிக்க வேண்டும் என்பது இதன் குறை. ஆனாலும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இன்றைக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை.

இரண்டாவது வழி, வண்டியையே சின்னதாக்குவது. ஃபோர்டு 2027இல் 30,000 டாலர் அளவில் நடுத்தர மின் பிக்அப் ஒன்றை கென்டக்கியின் லூயிவில் ஆலையிலிருந்து கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. அதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாத, கொஞ்சம் கனமான, ஆனால் விலை குறைந்த வகை அது. ஸ்லேட் என்ற புதிய நிறுவனம் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டே இருக்கை, கையால் சுற்றும் கண்ணாடி, ரேடியோகூட இல்லை. பேட்டரி 52.7 யூனிட், தூரம் 150 மைல். இந்த வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். காற்றைக் குறைவாகத் தள்ளும் சின்ன வண்டிக்குச் சின்ன பேட்டரி போதும். மேலே சொன்ன சுழல் அப்போது நமக்குச் சாதகமாகத் திரும்பும்.

## நம் ஊர்க் கணக்கு

பிக்அப் தயாரிப்பில் பெயர்பெற்ற தாய்லாந்தில் இசுசு, டி-மேக்ஸ் வண்டியின் மின் வடிவத்தைச் செய்கிறது. 66.9 யூனிட் பேட்டரி, மூன்றரை டன் இழுவை. சான்று பெற்ற தூரம் 263 கிலோமீட்டர்தான். பண்ணை, நகராட்சி, சுரங்கம் என்று ஒரே வட்டத்தில் சுற்றும் வேலைகளுக்கு அது போதும்.

தமிழ்நாட்டில் குட்டி யானை என்று எல்லோரும் அழைக்கும் டாடா ஏஸ், அமெரிக்கப் பிக்அப்பைவிட மிகச் சின்னது. ஆனால் கட்டமைப்பு அதேதான்: முன்னால் கேபின், பின்னால் திறந்த பெட்டி. இதன் மின் வடிவம் 2022 மே மாதம் வந்தது. 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ சுமை, சான்றளித்த தூரம் 154 கிலோமீட்டர். 2024இல் ஒரு டன் ஏற்றும் வடிவமும் வந்தது. அமெரிக்காவில் இடித்த எல்லாம் இங்கே இடிக்காமல் விலகுகின்றன. வேகம் 60 கிலோமீட்டருக்குள், அதனால் காற்றுத்தடை குறைவு. சுமை பெட்டிக்குள்தான், பின்னால் டிரெய்லர் கிடையாது. தெருவுக்குத் தெரு நின்று கிளம்புவதால் மீட்பு பிரேக்கிங்குக்கு நல்ல வேலை.

இங்கே தடை விலை. 2025 ஜூனில் ஏஸ் ப்ரோ அறிமுகமானபோது பெட்ரோல் மாடலின் விலை 3.99 லட்சம் ரூபாய், மின் மாடலின் விலை 6.50 லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 5 ரூபாய், மின்சாரத்தில் ஒன்றேகால் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் மூன்றே முக்கால். நாளுக்கு 80 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுகிற லோடு ஓட்டுநருக்கு ஆண்டுக்கு 90,000 ரூபாய் மிஞ்சும். மூன்று வருடத்துக்குள் வித்தியாசம் திரும்பிவிடும். நாளுக்கு 30 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் அதற்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். கடன் வட்டியைச் சேர்த்தால் இன்னும் நீளும். அப்படிப்பட்டவருக்குப் பெட்ரோல் வண்டியே சரி. 80 கிலோமீட்டர் ஓடுபவரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இரவில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், அங்கே பிளக் இருக்கிறதா? தெருவோரம் நிறுத்துகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். மின் லோடு வண்டி இங்கே எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை, மோட்டாரின் பலத்தைவிட அந்தத் தெருவோரத்துக்கு மின் இணைப்பு வருவதுதான் தீர்மானிக்கும்.